கார்த்திகை தீபத்துக்கு அண்டாக்களோடு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கார்த்திகை தீபத்தன்று அன்னதானம் செய்யும் குழுக்களுக்கும், அந்தக் குழுக்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பணம் என்று கொடுத்து அனுப்பும் அன்பர்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்னதானத்தை நிறுத்துங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. லட்சக்கணக்கான சனம் வந்து இறங்கும் அந்த ஒரு நாளில், கையில் பஸ் காசு மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் தைரியமாக இந்த ஊருக்குக் கிளம்பி வரமுடிகிறது என்றால், அதற்கு நீங்கள்தான் காரணம். வேலைக்கு லீவு போட்டு, முந்தைய நாள் இரவெல்லாம் காய் நறுக்கி, அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். சில குழுக்களில் சீட்டுக் கட்டுவதுபோல ஆண்டு முழுக்க மாதாமாதம் பணம் சேர்க்கிறார்கள். ஞானசம்பந்தர் மயிலாப்பூர்ப் பதிகத்தில் கோயில் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவரும்போது, அடியாருக்கு அமுது படைப்பதையும் ஒரு விழாவாகவே வைத்து, அதைத்தான் முதலில் பாடுகிறார். கார்த்திகை விளக்கீடு அதற்குப் பிறகுதான் வருகிறது. அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறவர்கள் நீங்கள். அந்த மனசுக்குக் கைகூப்பிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

நான் இந்தப் பாதையோரம் குடியிருப்பவள். நீங்கள் கொடுக்கும்போது எப்படி இருக்கிறது என்பதை உங்களைப் போலவே நானும் பார்க்கிறேன். நீங்கள் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போன பிறகு எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்கிறேன். இரண்டாவதை உங்களிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் சோறு போடுகிறவர் கையைத் தட்டிவிட்ட பாவம் வந்து சேருமோ என்று எல்லோருக்கும் ஒரு தயக்கம். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனாலும் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

தீபத்துக்கு மறுநாள் விடியற்காலையில் பாதையில் நின்றால் முதலில் தெரிவது வாடைதான். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் மழைத் தண்ணீரும் கலந்து புளித்த வாடை. தட்டுகள் ஓரமாக மட்டும் கிடக்காது, நடுப்பாதையிலேயே கிடக்கும். பாதிக்கு மேல் அப்படியே சோறு இருக்கும். ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா குனிந்து ஒரு தட்டை எடுத்து என்னிடம் காட்டினார். எலுமிச்சை சாதம், குவியல் கலையவே இல்லை. ஒரு மூலையில் மட்டும் இரண்டு விரல் பட்ட பள்ளம். மேலே வைத்த ஊறுகாய்கூட அப்படியே இருந்தது. "ஒரு வாய் தின்னுட்டு வெச்சிட்டாங்க பாரும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சோற்றைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் அதைக் கூடையில் தட்டிவிட்டு அடுத்ததற்குக் குனிந்தார். 14 கிலோமீட்டருக்கு இப்படிக் குனிந்து நிமிர்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்று இரவு உங்கள் பந்தலில் சாப்பிட்டார்களா என்று யாரும் கேட்பதில்லை.

கிரிவலம் செருப்பில்லாமல் நடப்பது. சிந்திய சாம்பாரும் நசுங்கிய வாழைப்பழத் தோலும் எல்லார் காலிலும் படும். இருட்டில், கூட்ட நெரிசலில், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு பாட்டி அதில் வழுக்கினால் என்ன ஆகும்? நாம் அன்னலட்சுமி என்று கும்பிடுகிற சோற்றை அத்தனை பேரும் மிதித்துக்கொண்டே அண்ணாமலையாரைச் சுற்றவேண்டியிருக்கிறது. நடக்கிறவர்களுக்கு அது எவ்வளவு சங்கடமாக இருக்கிறது என்பதை அவர்கள் கால் வைக்கும் விதத்திலேயே பார்க்கலாம். ஒதுங்கி ஒதுங்கி, பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடப்பார்கள்.

வாங்கிய சோற்றை ஏன் வைத்துவிட்டுப் போகிறார்கள்? திமிர் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பார்த்தவரை அப்படி இல்லை. சாமி பேரில் ஒருவர் நீட்டுகிற சோற்றை வேண்டாம் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது. "சாமி, வாங்க சாமி, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுகிறீர்கள். அவர் ஏற்கெனவே நூறு அடி பின்னால் ஒரு பந்தலில் பொங்கல் வாங்கியிருப்பார். அதற்கு முன்னால் ஒரு பந்தலில் கேசரி. வயிறு நிரம்பிவிட்டது. ஆனாலும் மறுத்தால் குற்றம் என்று வாங்கிக்கொண்டு, ஒரு வாய் மரியாதைக்குப் போட்டுக்கொண்டு, உங்கள் கண் மறைகிற இடம் வந்ததும் மெதுவாகக் கீழே வைக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நூறு அடிக்குள் மூன்று பந்தல் போட்டது யார்?

இன்னொன்று. தீபத்தன்று பகலெல்லாம் எத்தனையோ பேர் விரதம் இருக்கிறார்கள். அதிகாலை 4 மணிக்குப் பரணி தீபம் பார்த்துவிட்டு, மாலை 6 மணிக்கு மலையில் மகா தீபம் தெரிகிறவரை தண்ணீர், பால், பழத்தோடு ஓட்டுகிறவர்கள் அவர்கள். அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வந்து திரும்பும் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காகக் காலையிலிருந்து கோயிலுக்குள் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. மலையுச்சியில் சுடர் ஏறியதும் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கத்தும். விரதக்காரர்களுக்குப் பசி அப்போதுதான் தெரியத் தொடங்கும். அவர்கள் கோயிலிலிருந்தும் மாட வீதியிலிருந்தும் வெளியே வந்து பாதையில் கால் வைக்க இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். நீங்களோ பகல் பதினொரு மணிக்கே அண்டாவைத் திறந்துவிடுகிறீர்கள். உண்மையான பசி வரும் நேரத்தில் அண்டாவில் ஒட்டியது மட்டும் இருக்கும், அல்லது காலையில் வடித்தது ஊசிப்போயிருக்கும்.

பகலில் யாருக்கும் பசிக்காது என்று சொல்லவரவில்லை. குழந்தைகள் இருக்கிறார்கள், வயதானவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், மாத்திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், காலையிலிருந்து நிற்கிற போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய அளவு வேறு. பத்துக் குழுவில் இரண்டு மூன்று பேர் பகலைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இடமும் இப்படித்தான். வண்டி சுலபமாக வந்து நிற்கிற இடத்தில்தான் எல்லாப் பந்தலும் விழுகிறது. பாதையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கக் கோயில்களில், இந்திர லிங்கத்தில் தொடங்கி அக்னி லிங்கம், எம லிங்கம் என்று நடை தொடங்குகிற பக்கத்தில், நடக்கிறவருக்குப் பசியே எடுக்காத தூரத்தில், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். ஆதி அண்ணாமலை தாண்டி வாயு லிங்கம், குபேர லிங்கம் வரும்போதுதான் கால் கெஞ்சும், தொண்டை வறளும், பிள்ளைகள் அழத் தொடங்கும். நள்ளிரவு தாண்டி அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு வெறும் பந்தல்கால்கள்தான் கண்ணில் படும். கொடுக்கிறவர்கள் அசதியில் அண்டாவுக்குப் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, முந்தைய இரவிலிருந்து கண் மூடாதவர்கள்.

அப்புறம், நீங்கள் யாருமே எட்டிப் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. தீபத்துக்கு ஊருக்கு வெளியே ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் போடுகிறார்கள். கிரிவலம் முடித்து, அங்கிருந்து மறுபடி நடந்து, விடியற்காலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் அங்கே போய்ச் சேருகிறவர்களைப் பாருங்கள். பஸ்ஸுக்குள் ஏற இடமில்லாமல், பனியிலும் தூறலிலும் துண்டை விரித்துப் பிள்ளையைப் படுக்கவைத்து, வரும் வண்டியெல்லாம் நம் ஊர் வண்டியா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரயில் நிலையத்திலும் அதே கதைதான். வாங்கிச் சாப்பிடக் காசு தீர்ந்திருக்கும், கடையும் இருக்காது. அங்கே ஒரு டம்ளர் சூடான சுக்குமல்லிக் காபியும் நான்கு இட்லியும் கொடுத்தால், அது சிந்தாது, மிஞ்சாது, யாரும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கீழே வைக்கமாட்டார்கள். பாதையில் கொடுத்தால்தான் கிரிவல புண்ணியம் என்று ஒரு குழுத் தலைவர் என்னிடம் சொன்னார். மலையைச் சுற்றிவந்த கால்களுக்குச் சோறு போடுகிற புண்ணியம் பஸ் நிலையம் வரைக்கும் எட்டாதா ஐயா?

என்ன சமைக்கிறீர்கள் என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். சாம்பார் சாதம் அள்ளிப்போட வசதி, எல்லாருக்கும் பிடிக்கும், சரி. ஆனால் விடிகாலையில் சமைத்து, கொதிக்கக் கொதிக்க அண்டாவை மூடி, நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வண்டியில் கொண்டுவந்து, மாலையில் திறந்தால் அது என்ன நிலையில் இருக்கும் என்று சமையல்காரரையே கேளுங்கள். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடக்கிற சோற்றில் கிருமி பெருகும். மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே வயிற்றுக்குக் கெடுதல் வந்துவிடும். பொட்டலமாகக் கட்டினால் இன்னும் சீக்கிரம் வியர்த்துப்போகும். கழிப்பறைக்கு நீண்ட வரிசை நிற்கிற ஊரில், இரவு நடையில் வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு பெண் என்ன செய்வாள் என்று யோசித்துப் பாருங்கள்.

தூரத்திலிருந்து கொண்டுவருகிறவர்கள் புளியோதரை கொண்டுவரலாம். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, புளிக்காய்ச்சலைத் தனியாகக் கொண்டுவந்து இங்கே கலந்தால் இரவு வரை தாங்கும். கோயில் மடப்பள்ளிகளில் புளியோதரைக்கு அவ்வளவு மதிப்பு சும்மா வரவில்லை. வெந்த சுண்டல், வெல்லப் பொரி உருண்டை, கடலை உருண்டை எல்லாம் தட்டே கேட்காத பண்டங்கள். கையில் கொடுத்தால் நடந்துகொண்டே தின்பார்கள், வேண்டாம் என்றால் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? அதைப் பாதையில் கொடுப்பதற்கு மட்டும் ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை. அண்டா பெரிதாக இருந்தால்தான் தானம் பெரிதாகத் தெரியும் என்ற எண்ணம் எப்படியோ புகுந்துவிட்டது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்த ஒரு சின்னக் குழுவைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு பேர்தான், இரண்டு அடுக்குப் பானை. வயதானவர்கள் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து நின்றார்கள்.

அளவும் முக்கியம். ஒரு கரண்டி வைத்து, "இன்னும் வேணுமா சாமி?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது கரண்டி வைத்தால் பாதி வீண் நின்றுபோகும். வேகமாகத் தீர்க்கவேண்டும் என்ற அவசரத்தில் தட்டு நிறையக் கவிழ்க்கிறீர்கள். தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்புவது ஒரு பெருமை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அது எங்கே தீர்ந்தது என்பதையும் ஒருமுறை நின்று பார்க்கவேண்டாமா?

தட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பைக்கு மட்டும்தான் தடை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உணவு கட்டுகிற பிளாஸ்டிக் தாள், தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, அப்படியே பூசிய காகிதக் கப், தெர்மாகோல் தட்டு எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. வெள்ளையாகக் காகிதம் போலத் தெரிகிற தட்டைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே பளபளவென்று ஒரு தோல் உரியும். அதைத்தான் மறுநாள் மாடு சோற்றோடு சேர்த்து மெல்கிறது. வாழை இலை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு, தொன்னை என்று நமக்கு வழியில்லாமல் போகவில்லை. செலவு கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் செலவுக்காக ஓர் அண்டா குறைந்தால் குறையட்டும்.

குடிநீருக்கும் பாக்கெட் வேண்டாம். பெரிய கேனோ சின்டெக்ஸ் தொட்டியோ வைத்து, நடக்கிறவர் பாட்டிலில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் வைத்தால் போதும். பெரும்பாலானோர் கையில் பாட்டில் இருக்கிறது. இல்லாதவருக்கு எவர்சில்வர் டம்ளர். பக்கத்தில் ஒருவர் கழுவிக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும், அதுவும் கைங்கரியம்தானே.

மலையைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டோடு ஏழு பேரை மூடியது. அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். பன்னிரண்டு நாள் கழித்து அதே மலையில் தீபம் ஏறியது. பக்தர்கள் யாரையும் மேலே விடவில்லை, தீபத்துக்கு வேண்டியவர்கள் மட்டும் போனார்கள். அந்த ஆண்டு தீபத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. நாம் லிங்கமாக நினைத்துச் சுற்றுகிற மலை அது. மழையில் நீரைச் சுமந்துகொண்டு நிற்கிற மண்ணும் பாறையும்கூட. அதன் அடிவாரத்து ஓடைகளும் கால்வாய்களும் தண்ணீர் இறங்குவதற்கான வழி. தீபத்துக்கு மறுநாள் அந்த வழிகளில் தட்டும் கப்பும் எச்சில் இலையும் அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. கார்த்திகை மழை மாதம், வானம் எப்போது பொத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மீதிச் சோற்றை ஓடையில் கவிழ்த்துவிட்டுப் போகிற வழக்கத்தைத் தயவுசெய்து இந்த ஆண்டோடு விடுங்கள். "மீன் தின்னும், காக்கா தின்னும்" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அண்டாக் கணக்கில் சோறு விழுந்த நீர் இரண்டு நாளில் நாறிப்போகும், மீன்தான் முதலில் சாகும்.

இனி உங்களிடம் நான் கேட்க வந்த முக்கியமான விஷயம்.

மலையுச்சியில் ஒரே ஒரு கொப்பரைதான் இருக்கிறது. 3,500 கிலோவுக்கு மேல் நெய், 1,000 மீட்டருக்கு மேல் காடாத் துணி. அந்த நெய் ஒருவர் கொடுத்ததில்லை. கோயிலில் கால் கிலோவுக்கும் அரை கிலோவுக்கும் காணிக்கை கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில். கொப்பரையையும் நெய்யையும் தோளில் சுமந்து மேலே ஏற்றுகிறார்கள். தீபம் ஏற்றுகிற உரிமை பரம்பரையாகப் பர்வதராஜகுலத்தார் என்னும் மீனவர் மரபினருக்கு. யாரும் "என் நெய்க்குத் தனியாக ஒரு விளக்கு வை, என் பேரை எழுதி மாட்டு" என்று கேட்பதில்லை. எல்லார் நெய்யும் ஒன்றாகக் கலந்து ஒரே சுடராகப் பதினொரு நாள் எரிகிறது. எரிந்து முடிந்த பிறகும் எதுவும் வீணாவதில்லை. கொப்பரையை இறக்கி, அதில் படிந்த மையை எடுத்து, ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கரி வரைக்கும் கணக்கு வைத்துக் காணிக்கையைக் காப்பாற்றுகிற கோயில் இது. அதே சாமிக்கு அதே நாளில் நாம் படைக்கிற சோறு மட்டும் ஏன் இவ்வளவு சிதறிப்போகவேண்டும்?

உங்கள் குழுக்களும் அப்படி ஒன்றுசேரலாம். பெயரை விடவேண்டாம், குழுவைக் கலைக்கவேண்டாம். தீபத்துக்கு ஒரு மாதம் முன்னால், கொடியேற்றத்துக்கு வெகு முன்பே, எல்லாக் குழுவிலிருந்தும் ஒருவர் வந்து ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் போதும். பாதையை எட்டு லிங்கத்துக்கு எட்டுத் துண்டாகப் பிரித்து, பேருந்து நிலையங்களையும் ரயில் நிலையத்தையும் அதோடு சேர்த்து, எந்த இடத்தில் யார், எந்த நேரத்தில் யார், என்ன பண்டம் என்று எழுதிக்கொள்ளலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் இவர்கள், ஒன்பது மணிக்கு மேல் இவர்கள், இரண்டு மணிக்கு மேல் இவர்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் வெளியூரிலிருந்து சமைத்துக் கொண்டுவருவதைவிட, ஊருக்குள் இரண்டு மூன்று கல்யாண மண்டபங்களை வாடகைக்கு எடுத்து அங்கேயே கட்டம் கட்டமாகச் சமைத்துச் சூடாக அனுப்பினால் ஊசிப்போகிற பேச்சே இருக்காது. மிஞ்சுகிற மாதிரி தெரிந்தால் அடுத்த உலையை நிறுத்திவிடலாம். வேகாத அரிசி மறுநாளும் அரிசிதான். அதை மூட்டையாகவே ஒரு முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகள் காப்பகத்துக்கோ கொடுத்துவிட்டுப் போகலாம்.

மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் அன்னதானத்துக்கு அனுமதி வாங்கச் சொல்கிறது, இடம் குறித்துக் கொடுக்கிறது, பாதையில் அடுப்பு மூட்டக் கூடாது, பிளாஸ்டிக் கூடாது என்கிறது. இதைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். "சாமி காரியத்துக்கு எதுக்கு சர்க்கார் அனுமதி?" என்று கேட்பதையும் கேட்டிருக்கிறேன். நடைபாதையில் கேஸ் சிலிண்டரை வைத்து, பக்கத்தில் ஆயிரம் பேர் உரசிக்கொண்டு போகிறபோது ஒரு நெருப்புப் பொறி என்ன செய்யும் என்று யோசித்தால் அந்த விதி புரியும். அதிகாரிகளுக்கும் இதன்வழியாக ஒரு வார்த்தை: அனுமதி கொடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். இரவு பின்பாதியில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து அங்கே குழுக்களை அனுப்புகிற வேலையும் உங்களுடையது. சோற்றுக்கு இணையாகக் கழிப்பறையும் தண்ணீரும் பாதை முழுக்க இருக்கவேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கு அன்று இரவு சூடான சாப்பாடும் உட்கார ஓர் இடமும் இருக்கவேண்டும்.

குழுவினரிடம் இன்னும் இரண்டு விஷயம். பந்தலில் கொடையாளர் படம் போட்ட பேனரைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை, அது உங்கள் மனசுக்கு விட்டது. ஆனால் அந்த பேனருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குப்பைத் தொட்டி, எச்சில் தட்டை வாங்கிக்கொள்ள ஓர் ஆள், அதிலிருந்து நூறு அடியில் இன்னொரு தொட்டி என்று வையுங்கள். வாங்குகிறவர் சாப்பிட்டுக்கொண்டே நடப்பார், நூறு அடி போனதும்தான் தட்டு காலியாகும். தொட்டி உங்கள் பந்தலுக்குக் கீழேயே இருந்தால் யாருக்கும் பயனில்லை. கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் பந்தலுக்கு முன்னும் பின்னும் பெருக்கிவிட்டுப் போங்கள். அன்னதானத்துக்கு வந்த இளைஞர்கள் கையில் துடைப்பம் எடுத்தால் பார்க்கிற சனமும் கீழே போடத் தயங்கும். ஓராண்டு ஒரு கல்லூரிப் பிள்ளைகள் குழு அப்படிச் செய்தது. அவர்கள் இருந்த பக்கம் மறுநாள் கோலம் போடுகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

மூன்று நான்கு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறவர்களைத் திட்டாதீர்கள். "ஒருத்தருக்கு ஒண்ணுதான்" என்று கையைத் தட்டிவிடுகிறதைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்பட்டது. அவர்கள் வீட்டில் படுத்துக்கிடக்கிற ஒருவருக்காகவோ பஸ்ஸில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ எடுத்துப் போகிறார்கள். கூட்டத்தில் யாருக்கு உண்மையாகவே பசி என்று நமக்குக் காட்டிக்கொடுக்கிறவர்களே அவர்கள்தான். அவர்களுக்குக் கெட்டுப்போகாத பண்டமாக, அவல், பொரி, வாழைப்பழம் என்று கூடவே கொடுத்தால் இன்னும் நல்லது. பாதையோரம் உட்கார்ந்திருக்கிற சாமியார்களிடமும் தட்டை நீட்டுவதற்கு முன்னால் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அன்று பகல் முழுக்க அவர்கள் முன்னால் குவிகிற சோறு, மறுநாள் காலை அப்படியே நாய்களுக்குப் போகிறது. அடுத்த வாரம், ஊர் வெறிச்சோடின பிறகு, அவர்களுக்கு ஒரு வேளை கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள். தீபம் பதினொரு நாள் எரிகிறதே, உங்கள் அரிசியில் ஒரு மூட்டையை அந்தப் பத்து நாளுக்கு எடுத்துவையுங்கள்.

எங்கள் தெருவில் நான்கைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து பேசிவைத்திருக்கிறோம். இந்த ஆண்டு தீபத்தன்று இரவு ஒரு மணியிலிருந்து விடிகிற வரைக்கும் பின்பாதிப் பாதையில் நின்று சுக்குமல்லிக் காபியும் வெந்நீரும் கொடுப்பது எங்கள் பொறுப்பு. டம்ளரும் கழுவுகிற ஆளும் எங்களிடம் உண்டு. சுக்கு, மல்லி, கருப்பட்டி, விறகு எல்லாம் எங்களிடம் வந்து சேர்ந்தால் இன்னும் நிறையப் பேருக்குக் கொடுக்க முடியும். பேருந்து நிலையத்துக்கு எடுத்துப்போக ஒரு டெம்போவும் இரண்டு ஆண்களும் வேண்டும். ஊரிலிருந்து வண்டியோடு வருகிற குழு எதுவானாலும் சரி, பகலில் அண்டா இறக்கின பிறகு வண்டி சும்மாதான் நிற்கும். கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஆதி அண்ணாமலை கோயில் வாசலில் இருப்போம். வந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
கிரிவலப் பாதையோரம் குடியிருக்கும் ஒருத்தி
திருவண்ணாமலை